மூன்றாம் படியில் ஒரு கிரேக்க ஜாடி

அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் நிரஞ்சினிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்கியதும் எரிச்சல் வந்தது. வந்த எரிச்சல் பிறகு போகவேயில்லை.

சிட்னிப் பல்கலைக்கழகம் ஒன்றின் சின்ன மியூசியம் அது. அதன் நிலவறையில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், பஞ்சணைக்குள் படுத்திருந்தது ஜாடி. ஒரு முழ உயரம்கூட இல்லை. ஒடுங்கிய கழுத்து, ஒற்றைக் கைப்பிடி, உடம்பு முழுக்க வெள்ளைப் பூச்சு. லெகிதோஸ் என்று பெயர்; எண்ணெய் ஊற்றி வைக்கிற ஜாடி. இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் ஏதென்சில் யாரோ ஒருவன் அந்த வெள்ளையின் மேல் மெல்லிய கோட்டில் ஒரு கல்லறைக்கல்லைக் கீறி, ஒரு பக்கம் கூடையோடு ஒரு பெண்ணையும் மறுபக்கம் தலை குனிந்த ஓர் இளைஞனையும் நிறுத்தியிருந்தான். கல்லின் உச்சியில், நெற்றி என்று ஒன்று இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில், பட்டாணி அளவில் ஒரு சிவப்பு வட்டம். அதைச் சுற்றி மங்கலாக மஞ்சள்.

"மூல வண்ணம்," என்றாள் ரொஸ்லின், கோயிலுக்குள் நின்று பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி. ரொஸ்லின்தான் மியூசியத்தின் பொறுப்பாளர். முப்பது வருடமாகக் கிரேக்கப் பானைகளோடு வாழ்கிறவள். "இந்த வகை ஜாடிகளில் சிவப்பு நிற்கவே நிற்காது, உதிர்ந்துவிடும். இதில் நின்றிருக்கிறது பார். கல்லில் கட்டிய நாடாவின் மிச்சமாக இருக்கலாம். கட்டலொக்கில் இதற்கென்றே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்."

நிரஞ்சினி உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மெரிலேண்ட்ஸில் அவர்கள் வீட்டு பிரிட்ஜ், ரைஸ் குக்கர், அப்பாவின் பழைய டொயோட்டா எல்லாவற்றுக்கும் சரஸ்வதி பூசையன்று அம்மா வைக்கிற அதே பொட்டு. அடியில் சந்தனம், மேலே மோதிர விரலால் ஒற்றிய குங்குமம். விரலை எடுக்கும்போது வலப்பக்கம் கொஞ்சம் இழுபட்டுவிடுகிற வால்கூட அப்படியே.

"இது குங்குமம்," என்றாள்.

"என்னது?"

"குங்குமம். இந்தியக் கடையில் பக்கெற்றில் விற்கிறது. யாரோ இந்த ஜாடிக்குப் பூசை செய்திருக்கிறார்கள்."

ரொஸ்லின் கண்ணாடியைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தாள். அரைப் பக்கம் கண்முன்னே எரிந்துபோவதைப் பார்க்கிற முகம். பிறகு, வெள்ளைக்காரருக்கே உரிய அந்தப் பொறுமையான சிரிப்போடு, "சுவாரசியமான கருத்து," என்றாள். நிரஞ்சினிக்குக் கன்னம் சுட்டது. நாலு வருடம் பட்டப்படிப்பு, முதல் வகுப்பு, குடும்பத்திலேயே பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள். அவள் சொன்னால் கருத்து. ரொஸ்லின் சொன்னால் கட்டலொக்.

ஆனால் பொட்டு அல்ல, பொட்டோடு வந்த கேள்விதான் பெரிய தலையிடி. ஜாடியையும் வேறு பத்துக் கிரேக்கப் பானைகளையும் தந்தவர் டொக்டர் பார்த்தசாரதி. ஓய்வுபெற்ற இருதய சத்திரசிகிச்சை நிபுணர். அவர் கையொப்பமிட்டுத் தந்த கடிதம் கோப்பில் இருந்தது: '1968இல் லண்டனில் மாணவனாக இருந்தபோது ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். அன்றிலிருந்து அலமாரியில் பூட்டியே வைத்திருந்தேன். யாரும் தொட்டதில்லை.'

யாரும் தொடாத ஜாடிக்குப் பொட்டு எப்படி வந்தது?

1968 என்ற எண் சும்மா வந்ததில்லை. மியூசியங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு கோடு இருக்கிறது: 1970. அதற்குப் பிறகு கிரேக்கத்தை விட்டு வெளியே வந்த பானை என்றால், எங்கோ ஒரு கல்லறையைக் களவாகக் கிண்டி எடுத்ததாகத்தான் இருக்கும்; அதைத் தொடக்கூடாது. நல்ல விதி. அந்த விதி வந்ததன் பலன் என்னவென்றால், உலகத்திலுள்ள கிரேக்கப் பானைகளையெல்லாம் எல்லாரும் அறுபதுகளிலேயே வாங்கி முடித்துவிட்டார்கள். எண்பதில் ஒருவரும் வாங்கவில்லை. தொண்ணூறில் ஒருவரும் வாங்கவில்லை. கேட்டால், சுவிட்சர்லாந்தில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கனவான் இருப்பார். லண்டனில் காலமாகிவிட்ட ஒரு சீமாட்டி இருப்பாள். செத்தவர்களிடம் ரசீது கேட்க முடியாது. அதற்கு முந்திய கதை இன்னும் மோசம். இருநூறு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தியே தூதுவர்களும் பிரபுக்களும், கிரேக்கர் குடியேறியிருந்த தெற்கு இத்தாலியிலே கல்லறைகளை உடைத்துப் பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். அவர்களுக்குக் கடிதமும் வேண்டியிருக்கவில்லை, கூச்சமும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு பொருள் மண்ணிலிருந்து மியூசியம் வரை யார் யார் கை மாறி வந்தது என்று தேடி எழுதுவதுதான் நிரஞ்சினியின் வேலை. படிவத்தின் அடியில் 'ஆராய்ந்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். அதில் அவள் பெயர் வரவேண்டும். பெயர் வந்தால் மியூசியத்தின் ஏற்புக் குழு கூடும், பதினொரு பானைகளும் ஏற்கப்படும், நவம்பர் கடைசியில் 'பார்த்தசாரதி கூடம்' திறக்கும். பானைகளோடு சேர்த்து டொக்டர் இரண்டு வருட ஆராய்ச்சிப் பதவி ஒன்றையும் கொடையாகக் கொடுக்கிறார். டிசம்பரோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அந்தப் பதவி யாருக்கென்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

"நீயே அவரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாரேன்," என்றாள் ரொஸ்லின். "உங்கள் சமூகத்து ஆள்தானே."

உங்கள் சமூகம்! டொக்டர் மயிலாப்பூரில் பிறந்து, லண்டனில் படித்து, காசில் ஹில்லில் மாளிகை மாதிரி ஒரு வீட்டில் இருக்கிறவர். அவளுடைய அப்பா ஸ்ரீகாந்தன் கோழித் தொழிற்சாலையில் இருபது வருடம் குளிருக்குள் நின்றவர். இரண்டு குடும்பமும் சந்தித்தது ஒரே ஒரு இடத்தில்தான்: அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, சத்திரசிகிச்சை மேசையில். அப்பாவின் நெஞ்சைத் திறந்து மூடியவர் பார்த்தசாரதி. ஆறு வருடமாகிறது. அப்பா இன்றைக்கும் காலையில் நடக்கப் போகிறார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால், அம்மா நாகபூசணி குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தாள்.

"டொக்டர்ர மனுசி எடுத்தவா. சனிக்கிழமை கொலுவுக்கு வரட்டாம். உன்னையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா. 'உங்க பொண்ணுதானாமே எங்க மியூசியத்தைப் பாத்துக்கறா' எண்டு கேட்டவா, பிள்ளை."

"அவையின்ர மியூசியமோ?"

"தொடங்கிட்டியா? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. அந்த மனுசன் இல்லையெண்டா கொப்பர் இண்டைக்குப் படத்தில மாலையோட தொங்குவார்."

"அம்மா, அவர் குடுத்த கடிதம் பொய்."

"என்ன கடிதம்?"

நிரஞ்சினி விளங்கப்படுத்தினாள். அம்மா வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு சட்டிக்காண்டி இவ்வளவு கதையோ? கேக்கிற சனத்துக்கு மகள் பழைய பானை படிக்கிறாள் எண்டு சொல்லேலாமல் நான் நாலு வருசம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேதீஸ்வரன்ர பெட்டை பார்மசி, வரதராஜான்ர பெடியன் இஞ்சினியர். என்ர பிள்ளை சட்டி. சரி, அந்தச் சட்டியாலயே உனக்கு ஒரு நல்ல வேலை வரப்போகுது. அவர் அறுபத்தெட்டு எண்டா அறுபத்தெட்டு எண்டு எழுது. உன்ர கை தேய்ஞ்சா போகும்?"

"என்ர பேர் போகும்."

"பேரோ? உனக்கு விசர்."

சனிக்கிழமை போனார்கள். காசில் ஹில் வீட்டு வாசலில் பதினெட்டுச் சோடி செருப்புக் கிடந்தது. உள்ளே ஏழு படி, வெள்ளை வேட்டி விரிப்பு, மின்சார விளக்கு மாலை. தசாவதாரம், கல்யாண ஊர்வலம், கடை வைத்த செட்டியாரும் மனைவியும், நடுவில் ஒரு கிரிக்கெட் அணி, கீழே சிட்னிப் பாலம். கொலு என்பதே நிரஞ்சினிக்குப் புதிது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கும்பம் வைத்து, படம் வைத்து, அவல் கடலையோடு நவராத்திரி முடிந்துவிடும். அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

டொக்டரின் மனைவி வேதவல்லி பட்டுப்புடவையும் கையில் வெள்ளிச் சந்தனப் பேலாவுமாக வந்தாள்.

"வாங்கோ வாங்கோ, நாகபூசணி. இதுதான் உங்க பொண்ணா? வாம்மா. நீதான் என் ஜாடியைத் தூக்கிண்டு போன கடன்காரியா?" என்று கேட்டுத் தானே சிரித்தாள்.

"எந்த ஜாடி அன்ரி?"

"அதான், வெள்ளை ஜாடி. அதோ பார், மூணாம் படி." அங்கே மரப்பாச்சிகளுக்கும் மீனாட்சி கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோலாக் கரடி யூகலிப்டஸ் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழித்தது. "ஜாடி இருந்த இடம். இந்த வருஷம் இதைப் பிடிச்சு வச்சிருக்கேன். பாக்க சகிக்கல. மியூசியத்துக்குக் குடுக்கணும்னு இவருக்கு ஒரே பிடிவாதம். மத்ததெல்லாம் அலமாரில பூட்டி வச்சிருந்தாரே, அதைக் குடுங்கோ, என் ஜாடியை ஏன் எடுக்கறேள்னு கேட்டேன். கேட்டாத்தானே?"

நிரஞ்சினி கோலாக் கரடியையே பார்த்தாள். "எத்தனை வருசமா அன்ரி இதில வைக்கிறனீங்கள்?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டாள். அல்லது கேட்கவேண்டிய ஒரே ஆளிடம். கொலுவுக்கு ஒரு கட்டாயம் உண்டு: ஒவ்வொரு வருடமும் ஒரு பொம்மையாவது புதிதாக ஏறவேண்டும். அந்தப் புதுப் பொம்மைகளின் வரலாறு முழுவதும் வேதவல்லியின் நுனிநாக்கில் இருந்தது. படி படியாக விரலை நீட்டி ஒப்பித்தாள்.

"இது எழுபத்தொம்பது, நாங்க வந்த வருஷம், மரப்பாச்சி மட்டும்தான். எண்பது, மீனாட்சி கல்யாணம், என் தங்கை பார்கவி அனுப்பினா. எண்பத்தஞ்சு, செட்டியார். தொண்ணூத்தொண்ணு, இந்தக் கிரிக்கெட் செட், இவரோட ஆசைக்கு. தொண்ணூத்திரெண்டு..." குரல் குழைந்தது. "அந்த வருஷத்தை மறக்கவே முடியாது. ஊர்லேர்ந்து அஷ்டலட்சுமி பார்சல்ல வந்துது. பிரிச்சா, எட்டும் தூள். புதுப் பொம்மை இல்லாம எப்படிம்மா கொலு வைக்கறது? நான் அழுதுண்டு உக்காந்திருக்கேன். இவர் அன்னிக்குத்தான் ஜெர்மனில டாக்டர்கள் மாநாடு முடிஞ்சு வந்தார். பெட்டியைத் திறந்து, துண்டில சுத்தியிருந்ததை எடுத்து, 'இந்தா வேதா, உன் புதுப் பொம்மை'ன்னு குடுத்தார். அதுதான் ஜாடி. உள்ள பூரா மண்ணு. நான்தான் குழாயடில வச்சு டூத் பிரஷ்ஷால தேச்சு அலம்பினேன்."

மண். உள்ளே மண். நிரஞ்சினி கண்ணை மூடித் திறந்தாள். கடைக்காரன் கழுவக்கூட நேரமில்லாமல் விற்றிருக்கிறான். எந்த ஊர், எந்தக் காடு, எந்தக் குழி என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி காசில் ஹில் குழாயடியில் டூத் பிரஷ்ஷோடு கழுவுண்டு போயிருக்கிறது.

"போட்டோ இருக்கோ அன்ரி?"

"ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு எடுப்பேன். இரு, காட்டறேன்."

ஆல்பம் வந்தது. 1991: கிரிக்கெட் செட் இருக்கிறது, ஜாடி இல்லை. 1992: மூன்றாம் படியில் வெள்ளை ஜாடி, புதுப்பெண் மாதிரி. கல்லின் உச்சியில் சந்தனம், குங்குமம். படத்தின் பின்பக்கம் வேதவல்லியின் குண்டு எழுத்தில், 'நவராத்திரி 1992. புதுசு: ஜாடி.' பிறகு தொண்ணூற்றுமூன்று, நான்கு, ஐந்து, இரண்டாயிரத்துப் பதினொன்று வரை, இருபது படம். இருபது தரமும் அதே இடத்தில் அதே பொட்டு. அந்த வெள்ளைப் பூச்சு தண்ணீர் உறிஞ்சுகிற பூச்சு. இருபது வருடக் குங்குமம் உள்ளே இறங்காமல் என்ன செய்யும்?

"ஏம்மா அப்படிப் பாக்கறே? அழகா இருக்கில்ல? கல்யாணப் பொண்ணு சீர்க் கூடை எடுத்துண்டு வரா. மாப்பிள்ளை வெக்கப்பட்டுண்டு தலையைக் குனிஞ்சுண்டு நிக்கறான். இவர்தான் சொன்னார்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அம்மா முழங்கையால் இடித்தாள். வரப்போவது அம்மாவுக்கு எப்போதும் முதலே தெரிந்துவிடும். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது நிரஞ்சினிக்கு. எல்லாரும் எல்லாருக்கும் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். மியூசியத்துக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று.

"அன்ரி, அது கல்யாணமில்ல. நடுவில நிக்கிறது கல்லறைக்கல்லு. அந்தப் பெடியன்தான் செத்த ஆள். அவள் கூடையில கொண்டு வாறது கல்லில கட்டுற நாடா. இந்த ஜாடி செய்யிறதே செத்தவைக்குத்தான். பிரேதத்தோட குழிக்குள்ள வைக்கிறது."

மூன்று பெண்கள் சுண்டலை மெல்வதை நிறுத்தினார்கள். வேதவல்லி சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. அறையின் மறுகோடியில் வெங்கட்ராமன் என்ற நண்பரோடு பேசிக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னன்னா, இந்தப் பொண்ணு என்ன சொல்றது?"

டொக்டர் எழுந்து வந்தார். எழுபது வயதிலும் நிமிர்ந்த ஆள். "வேதா, அதெல்லாம் வெறும் ஆர்ட். ரெண்டாயிரத்து நானூறு வருஷம்..."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கெஸ்ட்லாம் இருக்கா. அப்புறம் பேசலாம்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"வாங்கும்போதே?"

ஆயிரம் நெஞ்சைத் திறந்த கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி மடிப்பைத் தடவின.

"இருபது வருஷம்," என்றாள் வேதவல்லி. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அம்பாளுக்குப் பக்கத்துல. என் கையால அலம்பி, என் கையால பொட்டு வச்சு. என் பொண்ணு கல்யாணம் ஒரு வருஷம், என் பேத்தி பொறந்தது ஒரு வருஷம், எல்லாப் படத்துலயும் பொணத்தோட ஜாடி. நான் அழறேன்னு வாயை அடைக்கக் குடுத்தேளா?"

"நீ அழறதைப் பாக்க முடியலடி. அதான் குடுத்தேன்."

அது உண்மை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. வேதவல்லி தரையில் உட்கார்ந்து, ஆல்பத்திலிருந்து படங்களை ஒவ்வொன்றாக உருவினாள். இருபதையும் உருவி முடித்து, தாம்பூலப் பைக்குள் வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணியோடு சேர்த்துத் திணித்து, நிரஞ்சினியின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துண்டு போ. இது இந்த ஆத்துல ஒரு நிமிஷம் இருக்கப்படாது."

உலகத்தில் எந்த வழக்கறிஞரும் இவ்வளவு சுத்தமாகச் சாட்சியை ஒப்படைத்ததில்லை.

வாசலில் செருப்பைத் தேடும்போது டொக்டர் பின்னாலேயே வந்தார்.

"அந்தப் படங்களைக் குடுத்துடும்மா. ஃபேமிலி போட்டோஸ்."

"அன்ரி தந்தவா, டொக்டர் அங்கிள். அன்ரி கேக்கட்டும், தாறன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நீ கெட்டிக்காரப் பொண்ணு. யோசிச்சுப் பாரு. நான் திருடல. கண்ணாடி அலமாரி போட்ட கடைல, வெளிச்சத்துல, பணம் குடுத்து வாங்கினேன். சுவிஸ் கலெக்ஷன்னான். நம்பினேன்."

"உள்ளுக்கு மண் இருந்ததே அங்கிள்."

"சரி, நம்பணும்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் வாங்கினாங்க. வெள்ளைக்காரன் மியூசியத்துல இருக்கறதெல்லாம் எப்படி வந்தது? நம்ம கோயில் சிலைங்க எப்படிப் போச்சு? அவங்களை யாராவது கேட்டாங்களா? ஒரு தமிழன் பேர்ல ஒரு ரூம் வரும்போது மட்டும் உனக்கு 1970 ஞாபகம் வருது."

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. நியாயமான கேள்வியைத் தப்பான ஆள் கேட்கிறபோது வருகிற எரிச்சலே தனி. "அவையளையும் கேக்க வேணும்தான் அங்கிள். ஆனா அவையின்ர படிவத்தில என்ர பேர் இல்ல. இதில இருக்கு."

"அந்தப் போஸ்ட் உனக்குத்தான்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்டாரா, வைத்தியராகக் கேட்டாரா என்று கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருக்கலாம். கேட்டபோது அவர் கண் தாம்பூலப் பையில் இருந்தது.

"நல்லா இருக்கிறார். தினமும் நடக்கிறவர்," என்றாள். பையைக் கொடுக்கவில்லை.

காருக்குள் அம்மா எம்-டூ நெடுஞ்சாலை வரும்வரை திட்டினாள். நவராத்திரியும் அதுவுமாக ஒரு சுமங்கலியை அழவைத்ததற்குத் திட்டினாள். நன்றி கெட்டதற்குத் திட்டினாள். சுண்டல் சாப்பிடாமல் வந்ததற்கும் திட்டினாள்.

"ஆரின்ர குழி எண்டு தெரியுமோ?" என்று திடீரென்று கேட்டாள்.

"தெரியாது. இனித் தெரியவும் வராது. குழியைக் கிண்டி ஜாடியை மட்டும் எடுத்திட்டு மிச்சத்தை எறிஞ்சு போடுவாங்கள்."

"எலும்பையுமோ?"

"ஓம்."

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஊரில் சண்டையில் செத்த அவளுடைய தம்பி ஜெயதீபனின் கல்லறைக்கல்லையும் மற்றக் கற்களோடு சேர்த்து ஆமிக்காரர் புல்டோசர் போட்டு மட்டமாக்கி இரண்டு வருடமாகிறது. வீட்டில் அதைப்பற்றிப் பேசுவதில்லை. "பச்சை விழுந்திட்டுது, எடு காரை," என்றாள். 'அறுபத்தெட்டு எண்டு எழுது' என்று மறுபடி சொல்லவுமில்லை.

திங்கட்கிழமை ரொஸ்லின் இருபது படங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பொம்மைகள்," என்றாள்.

"ஓம், பொம்மைகள்."

"ஒரு மரியாதைக்குரிய வைத்தியரின் கையொப்பமிட்ட கடிதத்துக்கு எதிராகப் பொம்மைப் படங்களை வைக்கச் சொல்கிறாய். ஜாடி முதலே அவரிடம் இருந்து, அந்த வருடம்தான் பொம்மைகளோடு வைத்திருக்கலாம் அல்லவா?"

"அவருடைய மனைவி சொல்கிறாள்..."

"மனைவிக்குக் கோபம்."

"கோபம் வருவதற்கு முன்னமே சொல்லிவிட்டாள். கடிதத்தில் யாரும் தொடவில்லை, பூட்டி வைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறார். இருபது வருடம் முன்னறையில் இருந்திருக்கிறது. உள்ளே மண் இருந்திருக்கிறது. பின்பக்கம் 'புதுசு' என்று எழுதியிருக்கிறது. ஒரு வருடத்தில் எந்தப் பொம்மை புதிது என்பதை அந்த வீட்டில் யாரும் பொய்யாக எழுதமாட்டார்கள், ரொஸ்லின். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல ஆதாரம் நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?"

ரொஸ்லின் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. களைத்தவள். கூடத்தின் கதவுக்குப் பித்தளைப் பலகை அடித்து வந்தாயிற்று. "இதை எழுதினாயானால் பதவி போய்விடும். உன்னுடையதுதான். அது தெரியும்தானே?"

எல்லாரும் இதையே கேட்கிறார்கள். தெரியுமா, தெரியுமா, தெரியுமா. ஒரு சனமாவது 'இது சரியா' என்று கேட்கவில்லை. நிரஞ்சினி தன் மேசைக்குப் போய்ப் படிவத்தைத் திறந்தாள். கொடையாளியின் கூற்று என்ற கட்டத்தில் அவருடைய கடிதத்தை அப்படியே வைத்தாள். அதன் கீழே எழுதினாள்: 'முதல் உறுதியான பதிவு: சிட்னி, நவராத்திரி 1992. ஆதாரம்: இருபது வீட்டுப் படங்கள், கொடையாளியின் மனைவியின் கையெழுத்துக் குறிப்பு, அவரது வாய்மொழி. ஜெர்மனியில் வாங்கப்பட்டதாக அவர் கூறுகிறார். வந்தபோது உள்ளே மண் இருந்தது. அதற்கு முன்: தெரியாது.' ஆராய்ந்தவர் என்ற கோட்டில் முழுப் பெயரையும் அடித்தாள், நிரஞ்சினி ஸ்ரீகாந்தன். ரொஸ்லினுக்கு மட்டும் அனுப்பினால் அது ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும் என்று தெரிந்ததால், குழுவிலுள்ள ஏழு பேருக்கும் சேர்த்தே அனுப்பினாள்.

வியாழக்கிழமை குழு கூடியது. ஒன்றின் கடிதம் பொய்யென்றால் மற்றவற்றையும் நம்ப முடியாதென்று பதினொரு பானைகளும் ஏற்கப்படாமல் நிறுத்தப்பட்டன. வெள்ளிக்கிழமை டொக்டரின் கடிதம் வந்தது: கொடையைத் திரும்பப் பெறுகிறார், பதவியையும் சேர்த்து, பொருட்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவைக்கவும். அப்பாவுக்கு அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கோழித் தொழிற்சாலை நண்பர்களிடம் அவர் மகளின் புது வேலையைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். நிரஞ்சினி பின்னேரங்களில் பார்மசிக் கவுண்டர் வேலைகளுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினாள். கேதீஸ்வரனின் மகளிடம் சிபாரிசு கேட்கவேண்டி வந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்த திங்கள் காலை ரொஸ்லின் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டாள். "உன்னைத்தான். யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கொடு என்கிறாள்."

"நான் வேதவல்லி பேசறேன். பானையெல்லாம் திரும்பி வரதாமே?"

"ஓம் அன்ரி. டொக்டர் அங்கிள் கேட்டிருக்கிறார். அவரின்ர பொருள், நாங்கள் வைச்சிருக்கேலாது."

"அவர் கேப்பார். மத்த பத்தையும் அனுப்பு, அலமாரில வச்சுப் பூட்டிண்டு அவரே பாத்துண்டிருக்கட்டும். ஜாடி வரப்படாது. வாசப்படி மிதிக்கப்படாது. ஜாடி எனக்குக் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி எடுக்க அவருக்கு என்ன பாத்தியதை? எங்க தோண்டினானோ அங்கயே அனுப்பு."

"எங்கையெண்டு தெரியாது அன்ரி."

"அந்த தேசம் தெரியுமோல்லியோ? அந்த கவர்ன்மெண்ட்டுக்கு எழுது. என் ஜாடி, நான் தரேன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"அதுக்குத் தூதரகத்துக்கு எழுதவேணும், வக்கீலைக் கேக்கவேணும், மாசக்கணக்கில இழுபடும். எனக்கு டிசம்பரோட வேலை முடியுது அன்ரி."

மறுமுனையில் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"அப்ப டிசம்பருக்குள்ள முடி. வாயைத் தொறந்தவ நீதானே?"

தொலைபேசி வைக்கப்பட்டது. ரொஸ்லின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

"கிரேக்கத் துணைத் தூதரகத்தின் விலாசம் வேண்டும்," என்றாள் நிரஞ்சினி. கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஒரு புதுக் கடிதத்தைத் திறந்தாள்.